ஐராவதத்தின் பின்னிருக்கை

ஆஹென், நவம்பர் 1978

மகனே,

நீ மியூனிக்கிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு பக்கம், ஒரு பிழைகூட இல்லை. ஜனவரியில் உனக்கும் மோனிகாவுக்கும் திருமணம் என்று முதல் பத்தி சொல்கிறது. அதற்காக உன் அம்மா திருச்சியிலிருந்து புறப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்குகிறாள் என்று இரண்டாவது சொல்கிறது. அவளை நீயே உன் சிறிய காரில் அழைத்துக்கொண்டு போய்விடுவாய், நான் நேராக மியூனிக்குக்கு ரயிலில் வந்தால் போதும் என்கிறது மூன்றாவது. கடைசிப் பத்தியில், பன்னிரண்டு ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் அமெரிக்கக் காரை இனியாவது யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாய். "அந்தக் கம்பெனியே தன் கார்களைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. நீங்கள் மட்டும் ஏன் அப்பா இன்னும்..." என்று புள்ளிகள் வைத்து வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருக்கிறாய். முடிக்காமல் விடுவது உன் வழக்கமில்லை. அந்தப் புள்ளிகளில் இருப்பதை நான் படித்துவிட்டேன். விமான நிலையத்தில் நான் நின்றால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறாய்.

எனக்குக் கோபம். குரலை உயர்த்துகிறவன் அல்லன் நான் என்பதால் பலர் அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை; நீ கண்டுகொள்வாய். மூன்று நாள் கழித்து எழுதினால் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை, உறைந்துவிட்டது. உன் கடிதத்துக்கு நேரடியான பதில் ஒரு வரிதான்: அந்தக் காரைக் கொடுக்க மாட்டேன். ஆனால் எழுத வேண்டியதைச் சுருக்கி எழுதியே என் வாழ்க்கையில் ஒரு பெரிய நாசத்தைச் செய்தவன் நான். ஆகவே இந்த முறை நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில், நீ கேலி செய்கிற அந்த நிறுவனம். அதன் பெயரை உச்சரிக்க உன் அம்மா இங்கே இருந்தவரை மறுத்துவிட்டாள். "வாயில வழுக்குது" என்பாள். அதனால் நானும் இங்கே எழுதவில்லை. கிண்டியில் பொறியியல் படித்தபோது, கல்லூரி நூலகத்தில் பழுப்பேறிய ஒரு சஞ்சிகையில்தான் அதைப் பற்றி முதலில் படித்தேன். துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை செய்து அளவு பழகிய ஒருவர் அதை வளர்த்தெடுத்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில், அந்த நிறுவனத்தின் மூன்று கார்களைத் திருகாணி திருகாணியாகப் பிரித்து ஒரே குவியலாகக் கலந்தார்கள். சில பாகங்களை எடுத்து அப்பால் வைத்துவிட்டுக் கடையிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். பிறகு அரம் தொடாமல், சுத்தியல் தொடாமல் மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி ஓட்டிக் காட்டினார்கள். ஆடம்பரம் என்றால் வெல்வெட் மெத்தை என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், ஆடம்பரம் என்றால் அளவின் துல்லியம் என்று சொன்னவர்கள் அவர்கள். எந்தப் பாகத்துக்குப் பதிலாகவும் அதே அளவுள்ள இன்னொன்று பொருந்தும். இருபது வயதில் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். பல்சக்கரங்களை அளக்கும் வேலையை என் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டதற்கும், அதில் ஆராய்ச்சி செய்ய அறுபத்தோராம் ஆண்டு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததற்கும் அந்தப் பக்கமே காரணம். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. உன் அம்மாவிடம் பலமுறை சொன்னேன். "அப்போ என்னையும் பிரிச்சுப் போட்டுப் பூட்டிப் பாப்பீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

நீயும் அவளும் அறுபத்து மூன்றில் வந்தீர்கள். உனக்கு ஒன்பது வயது. வந்த நான்காம் மாதம் நீ ஜெர்மன் மொழியில் சண்டை போடத் தொடங்கிவிட்டாய். அவள் தமிழில் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். நாம் குடியிருந்த மாடி உனக்கு நினைவிருக்கும். பகல் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது என்பது அந்தக் கட்டடத்தின் விதி. அவள் ஒருநாள் அந்த நேரத்தில் மிளகாயைக் கல்லுரலில் இடித்துவிட்டாள். கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டினாள். அன்றிலிருந்து உன் அம்மா வீட்டுக்குள் எந்நேரமும் கிசுகிசுப்பாகவே பேசினாள். கடுகு வெடித்தாலும் வாணலியை மூடுவாள். நானோ விதிகள் அச்சிட்ட தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்தேன். உதவி செய்வதாகவே நினைத்தேன்.

அறுபத்தாறில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். அறுபத்திரண்டாம் ஆண்டு மாடல். வெள்ளை. பின்பக்கத்தில் மீனுக்குப்போல நிமிர்ந்து நிற்கும் துடுப்புகள் வானத்தைக் கிழிக்கிற உயரத்திலிருந்து இறங்கிவந்து அடக்கமான இரண்டு வரப்புகளாகிவிட்ட காலம் அது. நம் தெருவில் நிறுத்தினால் ஒன்றரை வீட்டு நீளத்துக்கு நின்றது. வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது, பின்னால் திருப்பத்தைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிகிறது, இந்த நாட்டில் மஞ்சளாக எரிய வேண்டும் என்றார்கள். நான் இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து மஞ்சள் விளக்கு செய்து பொருத்தினேன். பரிசோதகர் சுற்றிச்சுற்றி வந்து, "ஹெர் டாக்டர், இது காரா, நீங்க குடியிருக்கிற வீடா?" என்று கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னிடம் கேட்டாள்: "என்னங்க சொல்றான்?" சொன்னேன். "வீடுன்னே சொல்லுங்க. அந்த வீட்ட விட இது தேவல" என்றாள், முழுக் குரலில். இந்த நாட்டில் அவளுடைய முழுக் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

ஐராவதம் என்று பெயர் வைத்தவள் அவளே. முன்னிருக்கையில் உட்கார மாட்டாள். பின்னிருக்கையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்காருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐஃபெல் மலைப்பக்கம் போவோம். கதவு மூடிய அடுத்த நொடியில் பேசத் தொடங்குவாள். வாரம் முழுவதும் விழுங்கியதெல்லாம் வரும். கீழ்வீட்டு அம்மாளைப் போல நடித்துக் காட்டுவாள். கோமதி சித்தி சின்ன வயதில் ரயிலில் தொலைந்துபோன கதையை நூறாவது முறை சொல்லுவாள். நீ "அம்மா, இத போன வாரமே சொன்னே" என்பாய். "போன வாரம் வேற ரோட்டுல சொன்னேன், இந்த ரோட்டுக்குத் தெரியாதில்ல?" என்பாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் நீட்டுவாள். ஓட்டிக்கொண்டே வாயைத் திறப்பேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். அந்தக் கார் எனக்கு ஏன் வேண்டும் என்று நீ கேட்டாயல்லவா? ஜெர்மனியில் உன் அம்மா உரக்கச் சிரித்த ஒரே அறை அது. அது மட்டுமே.

இதற்கிடையில் அந்த நிறுவனம் வேறாகிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் அதன் கார்கள் இன்னும் நீண்டன. எஞ்சின் எட்டு லிட்டரைத் தாண்டியது. மரம் இருந்த இடத்தில் மரம்போலத் தெரிகிற பிளாஸ்டிக் வந்தது. ஆண்டுதோறும் விளிம்புகளை மாற்றினார்கள். என் அறுபத்திரண்டுக்கு ஒரு பின்விளக்கு மூடி தேடினால், அறுபத்து மூன்றின் மூடி பொருந்தாது. எந்தப் பாகமும் எதிலும் பொருந்தும் என்று காட்டிப் புகழ் பெற்றவர்கள், போன வருடத்துப் பாகம் இந்த வருடத்தில் பொருந்தக் கூடாது என்பதை வியாபாரமாக்கினார்கள். அப்போதும் நன்றாகவே விற்றது. ஒன்றின் வீழ்ச்சி அது நன்றாக விற்கிற ஆண்டுகளிலேயே தொடங்கிவிடும் என்பதை நான் அவர்களிடம் கண்டேன். என் வீட்டில் காணவில்லை.

எழுபத்து மூன்றில் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அதற்கு முன்பே கோமதி சித்தி கடிதம் எழுதியிருந்தாள். மாண்ட்ரியலில் கணவரோடு இருந்தது போதும் என்று ஒரேயடியாகத் திருச்சிக்குத் திரும்புகிறாள். வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட்டில் நான்கு மணி நேரம் நிற்கிறாள். அக்காவும் தங்கையும் பார்த்துப் பத்து வருடம். ஐராவதத்தில் வருவோம் என்று உன் அம்மா பதில் எழுதியிருந்தாள். வெள்ளை நிறம், நீளம், துடுப்பு எல்லாம் விவரித்திருந்தாள். அந்த ஞாயிறு தடை நாளாகிவிட்டது. "ட்ரெயின்ல போயிடலாங்க" என்றாள் அவள். நான் கேட்கவில்லை. தக்க காரணம் காட்டினால் விதிவிலக்கு அனுமதி தருகிறார்கள், விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், ஒழுங்காக எழுதிய விண்ணப்பத்தை இந்த நாட்டில் மறுக்க மாட்டார்கள் என்றேன். தங்கை முன்னால் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை அவளைவிட எனக்கே அதிகம் இருந்தது என்பதையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பதில் வரவில்லை, ஞாயிறு காலை ரயிலில் போனோம், நாடே ரயிலில் ஏறியிருந்தது, கொலோனில் இணைப்பு ரயில் நம் கண்ணெதிரே போய்விட்டது. பத்தொன்பது வயது உனக்கு. உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நடைமேடையில் நின்று, "நான் ஓட்டியிருப்பேன்பா. ஃபைன் போட்டா போட்டுட்டுப் போறான்" என்று கத்தினாய். உன் அம்மா, "விடுடா. உங்கப்பாவுக்கு ரூல் புஸ்தகம்தான் மொத சொந்தக்காரன்" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள், அப்போதும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பி முக்கால் மணி நேரம். விசாரணை மேசையில் ஒரு பொட்டலம் தந்தார்கள். கம்பளிச் சட்டை ஒன்று. அதன்மேல் ஊசி குத்திய துண்டுத்தாள். "அக்கா, கண்ணாடி பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருந்தேன். வெள்ளைக் கார் வருமா வருமான்னு. ரோட்டுல ஒரு காரும் காணோம். ஞாயித்துக்கெழமைன்னா இந்த ஊர்ல யாருக்குமே வண்டி கெடையாதா?"

உனக்குத் தெரியாதது இது. பதில் வந்தது. சனிக்கிழமை பகல் தபாலில் வந்தது. உன் அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். தக்க காரணம் எதுவும் குறிப்பிடப்படாததால் அனுமதி மறுக்கப்படுகிறது என்று இருந்தது. அப்போதே கிளம்பியிருந்தால் மாலை ரயிலில் போய் ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்கியிருக்கலாம். ஆனால் அப்போதே கிளம்ப வேண்டுமானால் எனக்கு மறுப்பு வந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஒழுங்காக எழுதினால் மறுக்க மாட்டார்கள் என்று சொன்ன வாய் இது. சொல்லவில்லை. "பதில் வரல. காலை ரயில் கணக்குப் போட்டுட்டேன், தாராளமா நேரம் இருக்கு" என்றேன். அவள் ஈரத்தலையோடு வந்து, "நீங்க கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியத்தை நான் இன்றும் கேட்கிறேன்.

மறைத்தவன் கிழித்தாவது போட்டிருக்க வேண்டும். நான் அந்த மறுப்பை என் விண்ணப்பத்தின் கார்பன் நகலோடு சேர்த்துத் துளையிட்டுக் கோப்பில் வைத்தேன். ஓர் ஆவணத்தை அழிக்க என் கை வராது. மார்ச் மாதத்தில், உன் படிப்புச் சான்றிதழ் ஒன்றைத் தேடியவள் அதைக் கண்டெடுத்தாள். மாலை வகுப்பில் அவள் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. கோப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"இது என்னங்க?"

"பழைய கடிதப் போக்குவரத்து."

"படிச்சேன். அகராதி வச்சுப் படிச்சேன். காருக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க. எஞ்சின், எடை, மஞ்ச வெளக்கு மாத்தினது வரைக்கும். கோமதிக்கு ரெண்டு வார்த்தை. தனிப்பட்ட சந்திப்பு. அதுல அவ பேரும் இல்ல, என் பேரும் இல்ல."

"விண்ணப்பத்துல அதெல்லாம் எழுதறதில்ல."

"எழுதியிருந்தா குடுத்திருப்பானா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போனேன். மேசைக்குப் பின்னால் வயதான ஒருவர் இருந்தார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்காவும் தங்கையும் பத்து வருஷமா பாக்கலையா? அத எழுதியிருந்தா நானே முத்திரை குத்தியிருப்பேனே, ஹெர் டாக்டர். நீங்க ஏன் கார பத்தியே எழுதினீங்க?" வீட்டுக்கு வந்து இதைச் சொல் மாறாமல் உன் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். சரியான விடை தர வேண்டியது என் கடமை என்று நினைத்தேன். அவள், "சரி" என்றாள். கிசுகிசுப்பான குரலில். ஏப்ரலில் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திருச்சிக்குப் போனாள். பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு இரண்டு வரி எழுதுகிறாள்.

ரயிலைத் தவறவிட்டதற்காக அம்மா போய்விட்டாள் என்று இத்தனை வருடம் நீ என்னை வெறுத்தாய். அது குறைந்த குற்றம். என் உண்மையான குற்றம் வேறு. காருக்குப் பதில் ரயில், சனிக்குப் பதில் ஞாயிறு, இந்தச் சந்திப்புக்குப் பதில் இன்னொன்று என்று, எல்லாவற்றுக்கும் அதே அளவில் மாற்று உண்டு என நம்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் நான்கு மணி நேரம் நின்ற ஒரு பெண்ணுக்கு எந்தக் கடையில் மாற்றுப் பாகம் இருக்கிறது? உன் கடிதத்தின் முதல் மூன்று பத்திகளிலும் என் கையெழுத்தை நான் காண்கிறேன். யார் எந்த வண்டியில், எந்த வழியில் என்று நேர்த்தியாக ஒதுக்கியிருக்கிறாய். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாக எங்கும் இல்லை. என் கோபம் அங்கேதான் உறைந்து நிற்கிறது: நீ என்னைப்போல எழுதுகிறாய். மோனிகாவிடம் இப்படி எழுதாதே, பேசாதே. அவள் ஒன்று கேட்டால், விடை சரியா என்று பார்க்கும் முன் ஏன் கேட்டாள் என்று பார்.

நீ சொன்ன சுருங்கிய கார் ஒன்றைச் சென்ற மாதம் இங்கே பார்த்தேன். புதிய மாடல். ஓட்டிவந்த அமெரிக்கரிடம் அனுமதி கேட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். நல்ல கார், நேர்மையான அளவு, முந்தைய பத்தாண்டுகளின் வீக்கம் இல்லை. தன் தவறை ஒப்புக்கொண்டு தன்னைச் சிறியதாக்கிக்கொண்ட ஒன்றை நான் இகழ மாட்டேன். ஆனால் அந்தப் பின்னிருக்கையில் சம்மணமிட முடியாது. முயன்று பார்த்தேன். அந்த அமெரிக்கர் என்ன நினைத்தாரோ.

ஐராவதம் ஓடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஐஃபெல் வரை ஓட்டுகிறேன். பின்னிருக்கைச் சாம்பல் கிண்ணத்தில் அவளுடைய கொண்டை ஊசிகள் மூன்று கிடக்கின்றன. கதவை மூடினால் அவை சற்றே கிணுகிணுக்கும். மற்றபடி சத்தமில்லை.

ஆகவே உன்னிடம் ஒரு விண்ணப்பம். உன் அம்மா இறங்கும் ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நான் காரில் வர விரும்புகிறேன். வாகன விவரம் உனக்குத் தெரிந்ததே. காரணம்: நான்கு வருடம் ஏழு மாதமாக உன் அம்மாவின் குரலை நான் கேட்கவில்லை. காதிருந்தும் இந்த ஊரில் எனக்குக் கேட்பதற்கு எதுவும் இல்லை. அவளிடம் நான் செய்ததைச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் என்ன சொன்னாலும், உரக்கச் சொன்னாலும், கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பு. எந்த வண்டியில் ஏறுவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். உன் காரில் ஏறினால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். மியூனிக் வரை உங்கள் பின்னால் வருவேன், தகுந்த இடைவெளி விட்டு. வெள்ளைக் கார் வருகிறதா என்று அவள் வழியில் ஒருமுறை திரும்பிப் பார்த்தால், வந்துகொண்டிருக்கும்.

மோனிகாவுக்கு என் ஆசிகள்.

அப்பா

இந்தக் கடிதத்துக்கு நான் நகல் எடுக்கவில்லை.